அறுபது நாற்காலி வளைவு

குடிநீர் அலுவலகத்தில் ஒரு மனுவைப் பரிசீலிக்க ஒரு குமாஸ்தாவுக்குச் சரியாக அறுபது நிமிடம் ஆகும் என்பது அளந்து, முத்திரையிட்டு, முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. அதில் நாற்பத்தைந்து நிமிடம் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கு.

அன்று வரிசையில் ஐம்பத்தொன்பது பேர். கடைசி ஆள் தையற்காரர். வீட்டுக் குழாய் வறண்டு பதினொரு நாள் ஆகிறது. "தண்ணிக்கு வழி பண்ணாம இந்தப் பக்கம் வந்துராதீங்க" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

இரண்டு நாள் பயிற்சி முடித்துப் புத்தம்புதிதாகத் திரும்பியிருந்த அதிகாரி, கட்டம்போட்ட தாளொன்றைச் சுவரில் ஒட்டினார்.

"ஒருத்தர் உட்கார்ந்தா அறுபது நிமிஷம். ரெண்டு பேர்னா முப்பது. மூணு பேர்னா இருபது. ஆள் ஏற ஏற நேரம் இறங்கும். இதுதான் எதிர்மாறல். பெருக்கிப் பாருங்க, எப்பவும் அறுபது. அது மாறிலி, மாறவே மாறாது. அப்போ அறுபது பேர் உட்கார்ந்தா?"

"ஒரு நிமிஷம்!" வரிசையே கூவியது.

"ஆளுக்கு எங்க சார் போறது?" என்றார் குமாஸ்தா.

அதிகாரி வரிசையைப் பார்த்தார். வரிசை அதிகாரியைப் பார்த்தது.

அரை மணியில் ஐம்பத்தொன்பது பேரும் 'தற்காலிகப் பரிசீலனை உறுப்பினர்' ஆனார்கள். கழுத்தில் அட்டை ஏறியது. சுவர்த் தாளில் அதிகாரி வரைந்த வளைவு வழுக்கிக்கொண்டு இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஐயா, என் மனு?" என்றார் அறுபதாம் நாற்காலியிலிருந்த தையற்காரர்.

"வரிசையில நின்னு குடுங்க" என்றார் அதிகாரி.

தையற்காரர் எழுந்தார்.

"ஐயோ, உட்காருங்க! நீங்க எழுந்தா ஐம்பத்தொன்பது. வளைவு மேல ஏறிடும். உங்க ஒரு குழாய்க்காக ஊர் முன்னேற்றத்தையே கெடுப்பீங்களா?"

தையற்காரருக்கு வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்தார்.

போனவரைக் காணோமே என்று நாலு மணிக்கு மனைவியே வந்தாள். ஒரு கையில் புது மனு, மறு கையில் காலி வாளி. வரிசையில் அவள் ஒருத்திதான். அறுபது முகமும் மலர்ந்தன. முதல் நாற்காலி மனுவை வாங்கியது. இரண்டாவது மடிப்பை நீவியது. மூன்றாவது மறுபடி மடித்தது. நாற்பதாவது, வாளிக்குத் தனி மனு உண்டா என்று விசாரித்தது. சொல்லிவைத்தாற்போல் ஆளுக்கு ஒரே நிமிடம்.

கடைசி நாற்காலிக்கு வந்தாள்.

"ஏங்க, நீங்களா! நல்லவேளை. சட்டுனு கையெழுத்துப் போடுங்க, தொண்டை காயுது."

தையற்காரர் பேனாவை எடுத்தார். மேசையைத் தடவினார். சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடி நெத்தியிலதாங்க இருக்கு!"

இறக்கி மாட்டிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா. நாளைக்கு வாங்க."

"அறுபது பேர், ஆளுக்கு ஒரு நிமிஷம்!" அதிகாரிக்குக் கண் கலங்கியது. "மாறிலி மாறவே இல்லை, பார்த்தீங்களா?"

மனைவி வாளியைக் கவிழ்த்துக் கணவன் பக்கத்தில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எழுந்திராதீங்கம்மா, அப்படியே இருங்க!" என்று கத்திக்கொண்டே அதிகாரி சுவருக்கு ஓடினார். அறுபத்தொன்றாம் புள்ளி, ஒரு மயிரிழை கீழே, அழகாக விழுந்தது.