மாட்டுப் பொங்கலில் குதிரை மேய்ந்த மசால்

திருவொற்றியூர்,
சுக்கில வருஷம், தை மாதம்.

ராயபுரம் ஜட்கா ஸ்டாண்டின் மகா கெட்டிக்காரன் மச்சான் கோதண்டத்துக்கு, உன் அக்காள் புருஷன் நீலமேகம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் தாயம்மாவும் எருமையும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தைக் கேட்க எனக்கு மனசில்லை. உன் குதிரை துரைசாணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் தோட்டத்தில் பாதி அவள் வயிற்றில்தான் இருக்கிறது.

குதிரை மசால் வெட்ட வெட்டத் தழைக்கும் தீவனம். உங்கள் ஸ்டாண்டுக் குதிரைகள் அதைத் தின்றுதான் ஓடுகின்றன. ஆனால் விதை வேண்டுமென்றால் வெட்டை நிறுத்தி, பூக்க விட்டு, காய்க்க விட வேண்டாமா? கடை விதை போன வருஷம் முளைக்காமல் கழுத்தறுத்ததால், சொந்த விதை எடுப்பதென்று மார்கழியிலேயே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டேன். விதை இல்லையென்றால் வரும் ஐப்பசியில் விதைக்க வழியின்றி மறுபடியும் துறைமுகத்தில் மூட்டை சுமக்கத்தான் போகவேண்டும், இந்த இடுப்போடு. ஊதாப் பூ அப்போதுதான் தலை காட்டியது, நீயும் வந்தாய் பொங்கல் சாப்பிட, குதிரையை அவிழ்த்துவிட்டு இலையில் உட்கார்ந்தாய், நான் எட்டிப் பார்த்தால் துரைசாணி மசாலுக்குள் நிற்கிறாள், கம்பை எடுத்தேன், உன் அக்காள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டுப் பொங்கலும் அதுவுமா வாயில்லா சீவனை அடிப்பியா நீ?"

"அது குதிரைடி! மாட்டுப் பொங்கல்ல குதிரைக்கு இன்னா பாத்யதை?" என்று நான் கேட்டால், அவள் அதன் கழுத்தில் மாலையைப் போட்டுக் கும்பிடுகிறாள்! நீயாவது இலையை விட்டு எழுந்தாயா? "வுடு மாமா, பண்டிகை நாளு, அதுவும் ஒரு வாய் துன்னுட்டுப் போவுது" என்று எனக்கே உபதேசம். ஒரு வாயா அது? வடக்குப் பாதியை மொட்டையடித்த தலை மாதிரி ஆக்கிவிட்டது. புறப்படும்போது ஏப்பம் விட்டது குதிரையா நீயா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

மிச்சப் பாதிக்கு முள்வேலி கட்டிவிட்டேன். இனி உன் குதிரை திருவொற்றியூர் எல்லையை மிதிக்கக் கூடாது. சித்திரையில் உன் மகள் வரலட்சுமியின் வளைகாப்புக்கும் நான் வரமாட்டேன். பெண்ணுக்கு என் ஆசீர்வாதம், உனக்கு இல்லை.

இப்படிக்கு,
விதையிழந்த மாமா
நீலமேகம்

பி.கு.: இந்தக் கடிதத்தை உன் அக்காள் தபாலில் போடாமல் முறத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். இன்று பங்குனி வெயிலில் விதை புடைக்க முறத்தை எடுத்தபோதுதான் கண்டேன். எந்த விதை என்று கேட்காதே. சரி, கேள். நான் வேலி கட்டிக் காத்த பாதி, பனியில் பூவெல்லாம் கொட்டி, சாய்ந்து அழுகிவிட்டது. துரைசாணி மேய்ந்த பாதிதான் மறுபடி தழைத்து, வெயிலில் பூத்து, தேனீ மொய்த்து, சுருள் சுருளாய்க் காய்த்துத் தள்ளிவிட்டது. "உன் அரிவாளைவிடக் குதிரைக்கு நேரம் தெரிஞ்சுகீது" என்கிறாள் தாயம்மா. மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, திட்டு நன்றாக வந்திருக்கிறது. வளைகாப்புக்கு வருகிறோம். அடுத்த மாட்டுப் பொங்கலுக்குத் துரைசாணியைப் பட்டினியாக ஓட்டி வா. நீ மட்டும் சாப்பிட்டுவிட்டு வா.