அத்தானின் தலைப்பா

சீருடையைக் கண்டால் என் கைகள் என்னைக் கேளாமலே மேலே போய்விடும். யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகள் தந்த சீதனம் அது. லண்டனுக்கு வந்த புதிதில் (தொண்ணூறுகளின் தொடக்கம்) பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினாலும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பேன்.

இந்த லட்சணத்தில் அக்காவின் கல்யாணத்துக்கு நான்தான் மாப்பிள்ளைத் தோழன். வட லண்டன் எட்மண்டனிலிருந்து அத்தானை ஈஸ்ட் ஹாம் மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும். அவருடைய மாமா தலைப்பாவைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாலி கட்டுமட்டும் இது இறங்கக்கூடாது. உம்மட பொறுப்பு, தம்பி."

"ஓம் மாமா" என்றேன், பெரிய வீரனாக.

மண்டபத்தை நெருங்கும்போது பொலிஸ் கார் மறித்தது. என் வேட்டி நுனி கதவில் சிக்கி ரோட்டைக் கூட்டிக்கொண்டு வந்ததாம். அதைச் சொல்லத்தான் மறித்தார்கள். (பிறகுதான் தெரியும்.) அதற்குள் நான் குதித்திறங்கிக் கைகளை உயர்த்தி, "ப்ளீஸ் செக், சேர்!" என்று கெஞ்சினேன். இப்படி வலிய வந்து கேட்பவனை எந்தப் பொலிஸ்காரர் நம்புவார்? இருவரும் இறங்கி வந்தார்கள்.

அத்தான் இலவச சட்ட வகுப்புக்கெல்லாம் போனவர். அவரும் இறங்கி, காரணம் என்ன, எந்த ஸ்டேஷன் என்று அவர்களிடம் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதையும் தம்பி. காரணம் சொல்லாமல் சோதிக்க ஏலாது. ரோட்டில வைச்சு கோட், ஜாக்கெட், கையுறை தவிர வேறை ஒண்டும் கழட்டச் சொல்லவும் ஏலாது."

"ஐயோ அத்தான், வாயைத் திறக்காதேங்கோ! சுட்டுப்போடுவாங்கள்!"

அவர்களிடம் துவக்கே இல்லை. இருவரில் இளையவர் தலைப்பாவைச் சும்மா ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். நான் அதை அத்தானின் தலையிலிருந்து இரண்டு கைகளாலும் கழற்றி, உதறி, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினேன். சேலைக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நடுத்தெருவில் வெறுந்தலையோடு மாப்பிள்ளை. பொலிஸ்காரருக்கே வெட்கமாகிவிட்டது, வேட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. காருக்குள் அவசர அவசரமாக நானே தலைப்பாவைச் சுற்றினேன். முன்பே மண்டபத்துக்கு வந்துவிட்ட மாமா தலைப்பாவைப் பார்த்து முறைத்தார்.

"காத்து மாமா, சரியான காத்து" என்றார் அத்தான்.

ஊரில் எங்களில் ஒருவருக்கும் கிடைக்காத உரிமை அன்று அவர் கையில் இருந்தது. பொலிஸ்கூட அதைப் பறிக்கவில்லை, நான் பறித்தேன்.

பிற்பாடு அத்தான் கதையை அக்காவிடம் சொல்லிவிட்டார். இப்போது அவர்கள் வீட்டு மணியை நான் அடித்தால், பிள்ளைகள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டுதான் கதவடிக்கு வருவார்கள். "மாமா, காரணத்தைச் சொல்லுங்கோ!" நானும் சிரிப்பேன். கல்யாண ஆல்பத்தை மட்டும் எடுக்க விடமாட்டேன். படத்துக்குப் படம் அந்தத் தலைப்பா கோணலாகவே இருக்கிறது.