லிங்கேஸ்வரன் பெரிய சீட்டுக்குக் கிளம்பியது

சின்னச் சீட்டில் இனி உட்காருவதே இல்லை என்று லிங்கேஸ்வரன் முடிவெடுத்தார். காமயகவுண்டன்பட்டியில் அவருடைய திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் ஞாயிறுதோறும் மூணு சீட்டு நடக்கும். பந்தயம் டவுன் பஸ் டிக்கெட் அளவுதான். அந்த அளவிலேயே அவர் தை மாசத்திலிருந்து தோற்றுக்கொண்டிருந்தார்.

தப்பு தன்மேல் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எல்லாம் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டும் வேலுச்சாமியால் வந்தது. அவன் கைச்சீட்டைப் பார்க்கவே மாட்டான். பார்க்காமலே காசு போடுவான், போட்டுக்கொண்டே இருப்பான், கடைசியில் உருப்படாத சீட்டை வைத்து ஜெயிப்பான். லிங்கேஸ்வரனோ யூடியூபில் பாடம் கேட்டவர். மோசமான சீட்டைக் கவிழ்த்து வை, நல்ல சீட்டுக்குக் காத்திரு, ஏற்ற இறக்கத்துக்குப் பயப்படாதே. அவர் பயப்படவில்லை. இறக்கம் தவறாமல் வந்தது. ஏற்றம்தான் இன்னும் கம்பம் டவுனைத் தாண்டி வரவில்லை.

"கூறுகெட்ட பயலுககிட்டத் தெறம செல்லாது மாரி," என்றார் மனைவி மாரீஸ்வரியிடம். "பந்தயம் பெருசா இருந்தாத்தான் மனுசன் யோசிச்சு ஆடுவான். நாம ஏத்துனா மதிச்சுச் சீட்டக் கீழ வைப்பான். கம்பத்துல வியாபாரிக ஆடுறாக. அங்கன போகணும்."

"போங்க. யாரு வேணாங்குறா?"

"கையில மொதல் வேணும்ல. ஒன் ஆடு ரெண்டையும் வித்தம்னா..."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாரீஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். ஆடுகள் அவள் குட்டியிலிருந்து வளர்த்தவை.

"மொதல்ல எங்கூடச் சீட்டு வெளாடுங்க. ஜெயிச்சா ரெண்டும் ஒங்களுது. தோத்தா, தீவாளி வரைக்கும் ஆட்டுக்குக் கொழ ஒடிச்சுப் போட்டுக் கொட்டத்தக் கூட்டி அள்ளுறது ஒங்க வேல. பெரிய சீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது."

லிங்கேஸ்வரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழுதை ஆட்டம் தவிர வேறெதுவும் தெரியாதவள் இவள். பாவம் பார்த்து விதிகளை அவரே சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவரும் ஒரு கொட்டை வைக்க வேண்டும். சீட்டைக் கவிழ்த்தால் வைத்த கொட்டை எதிராளிக்கு. யாருக்குக் கொட்டை தீர்கிறதோ அவர் அவுட்.

மாரீஸ்வரி சீட்டைத் தொடாமலே மேற்கொண்டு ஒரு கொட்டையைத் தள்ளினாள்.

"சீட்டப் பாரு மாரி."

"எதுக்கு? பாத்தா மாறவா போகுது?"

இன்னொரு வேலுச்சாமி! லிங்கேஸ்வரன் தன் சீட்டைப் பார்த்தார். மோசம். கவிழ்த்தார். அடுத்ததும் மோசம். கவிழ்த்தார். பொறுமைதான் ஆட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் பொறுமை காக்கக் காக்க, கொட்டை ஒவ்வொன்றாக மாரீஸ்வரியின் பக்கம் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் வந்தது மூன்று ராஜா. அதை ஜெயிக்க மூன்று ஏஸ் வந்தால்தான் உண்டு. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு மூன்று கொட்டைகளை நகர்த்தினார்.

"ஏம் மாரி, அலுத்துப்போய்த் தெரியிறியே. இது முடியவும் நான் டீ போடட்டா?"

மாரீஸ்வரி தன் சீட்டை அப்படியே ஒதுக்கி வைத்தாள். "இந்த ஆட்டம் எனக்கு வேணாம்."

"ஒன் சீட்டப் பாக்கக்கூட இல்லையேடி!"

"கல்யாணமான நாள்ல இருந்து டீ போடட்டான்னு ஒரு நா கேட்டிருக்கீகளா? இன்னைக்குக் கேக்குறீக. அப்பக் கையில என்னமோ இருக்கு."

மூன்று ராஜாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புளியங்கொட்டை. லிங்கேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மூளை வேலை செய்தது. டீக்கு இவள் பயப்படுகிறாள். அப்படியானால் டீயை வைத்தே அடிக்கலாம்.

அடுத்த சீட்டு இரண்டு, நாலு, ஏழு. படுமோசம். மிச்சமிருந்த கொட்டை எல்லாவற்றையும் முன்னால் தள்ளினார்.

"மாரி, டீ போடட்டா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போடுங்க."

"அப்பச் சீட்டு?"

"அதையும் காட்டுங்க."

அவள் சீட்டைத் திருப்பினாள். அதில் பெரியது ஒன்பது. அது போதுமாயிருந்தது.

"இது எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"அப்பக் கேக்கையில சீட்டப் பாத்துக் கேட்டீக. இப்ப எம் மூஞ்சியப் பாத்துக் கேக்குறீக. இஞ்சி தட்டிப் போடுங்க."

மறுநாள் காலை வரப்பில் அகத்திக்குழை ஒடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து வேலுச்சாமி ஜீப்பை நிறுத்தினான். லிங்கேஸ்வரன் மனம் தாளாமல் நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"எனக்கு நல்ல சீட்டு வந்தா மோந்து பிடிச்சிர்றாடா! நான்தான் தோத்துட்டேன். அவ வந்தா ஒங்க எல்லாத்தையும் வழிச்சு எடுத்துருவா. வர்ற ஞாயித்துக்கெழம மோட்டார் ரூமுக்கு அவளக் கூட்டியாறேன், பாரு!"

வேலுச்சாமி பதறி ஜீப்பை விட்டே இறங்கிவிட்டான்.

"அண்ணே, அக்காவ மட்டும் கூட்டியாந்துறாதீக. எங்களுக்கு நீங்களே போதும்."