மேல் வீட்டு ஒழுக்கம்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் குழுவைக் கண்டுபிடித்தது. அதற்குமேல் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அந்தக் குழுவின் இணைச் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உண்மையை எத்தனை நாள் மூடி மறைப்பது?

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்த இலாகா என்று கேட்டால், "எல்லாமே நாமதான்" என்பார். வீட்டுச் சாதனங்களின் மேல் அவருக்கிருக்கும் கருணையைச் சொல்லி மாளாது. சமீபத்தில் 'பராமரிப்பு விழிப்புணர்வு வாரம்' கொண்டாடினோம். ஏ.சி. வடிகட்டியை எப்படிக் கழுவுவது, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை எப்படித் துடைப்பது, வாஷிங் மெஷினுக்கு எப்போது ஓய்வு கொடுப்பது என்று மாலை தோறும் பேசினார். "வால்வை ரொம்ப நாள் மூடியே வெச்சிருக்கக் கூடாது, துருப்பிடிச்சு இறுகிடும்" என்று அவர் சொன்னபோது கைதட்டல் அடங்கவே இல்லை. கூட்ட அறையின் ஏ.சி. அவர் பிடரியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை யார் கவனித்தார்கள்? அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடரச் சொன்னோம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் மெஷினைப் போட்டு, பள்ளிச் சீருடை தைக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த மெஷினால்தான். மெஷினுக்கு நேர் மேலே கூரை ஊறி உப்பிக்கொண்டு வந்தது. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. காரை பெயர்ந்து மெஷின்மேல் விழுந்தால் பிழைப்பே போய்விடும் என்று அந்த அம்மாவுக்கு உயிரே இல்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முறையிட நினைத்தவர், தைத்துக்கொண்டே செல்போனிடம் வாயால் சொல்லியிருக்கிறார். "மேல் வீட்டு ஒழுக்கு தாங்க முடியல" என்பதுதான் அவர் சொன்னது. செல்போன் அவரைவிடப் பண்பானது. எழுத்துப் பிழை என்று நினைத்து அதுவே திருத்தி அனுப்பிவிட்டது.

"மேல் வீட்டு ஒழுக்கம் தாங்க முடியல. பகல் ராத்திரின்னு இல்லாம நடக்குது. யாராவது வந்து பாருங்க."

அடடா! லிஃப்ட் நின்றுபோய் மாதக்கணக்கில் மாடிப்படி ஏறியபோது வாய் திறக்காத குழுவில், அன்று மழைபோல் பதில்கள். மேல் வீட்டில் ஒரு நர்ஸ் தனியாகக் குடியிருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். குழுவில் யாரும் மறக்கவில்லை.

தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். நாங்கள் இவ்வளவு சீக்கிரம் கூடியதைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு நாளா நடக்குதும்மா?" என்றார் தலைவர்.

"ஒரு மாசமாவே இருக்கு சார்."

"எந்த நேரத்துல?"

"அவங்க குளிக்கிறப்பதான் ஜாஸ்தி."

தலைவர் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

"அண்ணாந்து பாத்தாலே தெரியுது சார். எனக்கு மட்டுமா? துணி கொடுக்க வர்றவங்க எல்லாருமே பாத்துட்டுப் போறாங்க."

"கடவுளே! எல்லாருமேவா?"

"தண்ணி சார், தண்ணி! எல்லாம் அந்தத் தண்ணியால வந்த வினைதான்."

"தண்ணி வேறயா!" என்று தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "போதும்மா, போதும். நாலு குடும்பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்காங்க. இதுக்கு மேல விவரம் வேண்டாம்."

"இல்ல சார், வந்து ஒரு தடவை..."

"வர்றோம்மா. நேரா மேலயே போறோம்."

மேலே போனோம். இருமிவிட்டுத்தான் மணி அடித்தோம், நாகரிகம் தெரிந்தவர்கள். வாசலில் கிடந்த செருப்புகளை நான் குனிந்து ஆராய்ந்தேன். எல்லாம் பெண்கள் செருப்பு. எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்கள்! வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்பாடா, வந்துட்டீங்களா! உள்ள வாங்க. பாத்ரூம் இந்தப் பக்கம்."

தலைவர் ஓர் அடி பின்வாங்கினார். "ஒரு பெண்ணோட குளியலறைக்குள்ள நாங்க கால் வைக்க மாட்டோம். எங்களுக்குன்னு ஒரு ஒழுக்கம் இருக்கு."

"பின்ன எப்படி சார் பாப்பீங்க? வாட்டர் ஹீட்டர் இணைப்புல வாஷர் போயிடுச்சு. கீழ அக்கா வீட்டுக்கு இறங்குதேன்னு, குளிச்சதும் வால்வை மூடிடறேன். ஒரு ஆளை அனுப்புங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்?"

தலைவர் என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்: "தனியா இருக்கற வீட்டுக்கு ஆளை அனுப்பச் சொல்றாங்க. அதுவும் நம்ம மூலமாவே!"

அந்தத் துணிச்சலைக் கண்டு எனக்கு வேர்த்துவிட்டது. குழு ஒருமனதாக முடிவெடுத்தது. அந்த வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். 'குடியிருப்பின் மாண்பு கருதி' என்று தலைவர் தொலைபேசியில் தொடங்கியதும், அவர் மறுபேச்சுப் பேசாமல் நர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு வாஷருக்காக மாதம் முழுக்கத் தூங்கிய இயந்திரம், ஒரு பெண்ணை வெளியேற்ற எத்தனை சுறுசுறுப்பாக ஓடியது தெரியுமா? பராமரிப்பென்றால் இதுவல்லவா பராமரிப்பு!

விவரம் தெரிந்து தையல்காரம்மா படியேறி ஓடி வந்தார். "ஐயையோ, நான் அவங்களைச் சொல்லலை சார்! அவங்க தங்கமான பொண்ணு. நான் சொன்னது ஒழுகுறதை!"

"எல்லாரும் ஒழுங்கா ஒழுகணும்னுதாம்மா நாங்களும் பாடுபடறோம்" என்றார் தலைவர். அவருடைய தமிழறிவை நான் வியக்காத நாளில்லை.

நர்ஸ் பெட்டியோடு இறங்கும்போது அழவில்லை. சாவியைத் தலைவர் கையில் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "வால்வை மூடி வெச்சிருக்கேன். ரிப்பேர் பண்ணாம யாரும் தொறந்துடாதீங்க. அக்காவோட மெஷின் போயிடும்."

போகிறவர் பேச்சை யார் கேட்பார்கள்? தலைவர் அந்த வீட்டுக்குள் 'ஒப்படைப்பு ஆய்வு' நடத்தினார். ஆள் இல்லாத குளியலறையில் நுழைய அவருக்குத் தடையேதும் இல்லை. மூடிய வால்வைக் கண்டதும் அவருடைய கருணை பொங்கியது. "பாத்தீங்களா, துருப்பிடிக்க விட்டிருக்கா. சாதனத்தைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே முழுக்கத் திறந்துவிட்டார். பிறகு வீட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரில் 'நீர்க்கசிவைத் தடுப்பது எப்படி' என்று சொற்பொழிவாற்றக் கிளம்பிப் போனார்.

தையல்காரம்மா என் வீட்டுக் கதவை வந்து வந்து தட்டினார். "பூட்டை உடைச்சாவது மூடுங்க சார். மளமளன்னு கொட்டுது." தலைவர் அனுமதியில்லாமல் பூட்டை உடைப்பது விதிமீறல் என்று நான் பொறுமையாக விளக்கினேன். விதிகள் என்று இருந்தால்தானே குடியிருப்பு என்று இருக்கும்?

தலைவர் ஊர் திரும்புவதற்குள் கூரை தரைக்குத் திரும்பிவிட்டது. ஒரு பெரிய பாளமாகக் காரை பெயர்ந்து மெஷின்மேல் விழுந்தது. நல்லவேளை, அந்த அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மெஷின் இரண்டாகக் கிடந்தது. தைத்து அடுக்கிய சீருடைகளெல்லாம் சேற்றில் தோய்ந்து கிடந்தன. செய்தி கேட்டுத் தலைவர் திரும்பியதும் குழு முழுவதுமாகப் போய் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தது. அங்கே இடிபாடுகளுக்கு நடுவே, எங்களுக்கு முன்பே ஓடி வந்திருந்த நர்ஸ் முழங்கால் வரை சுடிதாரை மடித்துவிட்டுக்கொண்டு துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார். எங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தலைவர் பெருந்தன்மையாகப் பேசினார். "நடந்தது நடந்துபோச்சு. ஆனாலும் அன்னைக்கே தண்ணீர்க் கசிவுன்னு தெளிவா சொல்லியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா."

நானும் குழு சார்பில் தலையை ஆட்டினேன்.

தையல்காரம்மா கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டார்.

"குழாய் ஒழுகினா வாஷர் மாத்தலாம் சார். உங்க வாய் ஒழுகினா எதை மாத்தறது?"