கடலில் ஒன்று, மேகத்தில் ஒன்று

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மகளும் நலம். தனித்தனியாக நலமாக இருக்கிறோம். காரணம் கீழே வருகிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீங்கள்தான் "நல்லா இருக்கீங்களா, சந்தோஷம், வச்சிடறேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்களே, அதனால் கடிதம்.

நீங்கள் ஓய்வு பெற்றபோது என் தலையில் கட்டிவிட்டுப் போன காலநிலை மாதிரி, அதாவது கணினிக்குள் நாம் சுழலவிட்டிருக்கும் அந்தப் பூமி, போன வாரம் வரை ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் சும்மா இருக்காமல் நீங்கள் எழுதிய கடல் பகுதியைப் படித்தேன். கடலிலிருந்து காற்றுக்குப் போகவேண்டிய வெப்பத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு வரி. பக்கத்தில் "தொடாதே" என்று குறிப்பு. தொட்டேன். திருத்தி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை வந்து பார்த்தால் பூமத்தியரேகை வரை கடல் உறைந்து கிடக்கிறது, காபிக் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்த இயக்குநர் என் திரையைப் பார்த்து "இது துருவமா?" என்கிறார், நான் "இல்ல சார், நடுப்பகுதி" என்கிறேன், அவர் குடிக்காமலே போய்விட்டார். தவறைத் திருத்தினால் உலகம் ஏன் உறையவேண்டும் என்று தேடிக்கொண்டே போனேன். மேகப் பகுதியில் போய் நின்றது. மேகங்கள் வெயிலை அளவுக்கு மீறித் திருப்பி அனுப்புகின்றன. உங்கள் கடல் கூடுதலாகப் பிடித்துவைத்த வெப்பம் எவ்வளவோ, சரியாக அவ்வளவு. மேகப் பகுதியை எழுதியவர் என் பக்கத்து மேசையில்தான் இருக்கிறார். உங்கள் மகள்.

கேட்டேன். "ஆமா, தெரிஞ்சுதான் வச்சேன். அப்பா கடல்ல தப்பு பண்ணியிருந்தாரு. அத்தனை வருஷ சர்வீஸ், அவர்கிட்ட போய் எப்படிச் சொல்றது? அதான் என் பக்கம் மாத்தி வச்சுச் சரிக்கட்டினேன். உங்களை யாரு தோண்டச் சொன்னது?" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்கு ஆச்சரியமில்லை, மாமா. உங்கள் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் வேகம், அதனால் அவள் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்புவாள். அவள் தாமதமாகக் கிளம்புவதால்தான் வேகமாக வைத்தேன் என்பீர்கள் நீங்கள். ஒரு தடவை நான் அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். அன்றைக்குத்தான் ரயிலை விட்டோம்.

இப்போது இரண்டையும் திருத்திவிட்டேன். கடல் உருகிவிட்டது, வீட்டில்தான் இன்னும் உருகவில்லை. ஆனால் நம் அலுவலக வழக்கம் உங்களுக்குத் தெரியும்: திருத்தத் தாளில் "தவறு செய்தவர்" என்ற கட்டத்தை நிரப்பினால்தான் இயக்குநர் கையெழுத்துப் போடுவார், வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் நம் காலநிலை மாதிரி வெளியீட்டுக்குப் போகாது. அவள் பெயரைப் போட்டுவிட்டு நான் எங்கே போய்த் தூங்குவது? நியாயமாகப் பார்த்தாலும் கடல்தான் முதல். எனவே உங்கள் பெயரைப் போட அனுமதி கேட்கிறேன். உங்கள் படம் மாட்டிய அறையில் உட்கார்ந்து அதை எழுத எனக்குக் கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் போல வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை சற்றுக் கூடுதலாக.

தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது நீங்கள் அழைத்தீர்கள். அதிசயமாக, உடனே வைக்கவில்லை. "மாப்பிள்ளை, கடல்ல கை வச்சிட்டீங்களாம், இயக்குநர் சொன்னாரு. ஒண்ணு சொல்றேன், அவ காதுக்குப் போகக் கூடாது. மேகத்துல முதல்ல தப்பு பண்ணது அவதான். புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு, மனசு உடைஞ்சிடும்னு நான் கடல்ல சரிக்கட்டி வச்சேன்" என்றீர்கள். யார் முதலில் என்று நான் இனி யாரையும் கேட்பதாக இல்லை. லீவுக்கு வந்தால் அந்தக் கடிகாரத்துக்குக் கீழேதான் நான் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். மேலே கேட்ட அனுமதியும் வேண்டாம். கட்டத்தில் என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இயக்குநர் படித்துப் பார்த்து, "நெனச்சேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.