சம்பந்தி அனுப்பிய சிவப்பு மூஞ்சி

நம்மிடையே எமோஜிப் பண்டிதர் என்றொரு இனம் நடமாடுகிறது. செல்போனில் யாராவது ஒரு மூஞ்சியை அனுப்பிவிட்டால் போதும், அதன் பூர்வீகம் என்ன, கூப்பிய கை கும்பிடா கெஞ்சலா, ஒரு கண்ணில் மட்டும் நீர் வந்தால் அது துக்கமா நடிப்பா என்று, நீங்கள் பேருந்தைத் தவறவிடும் வரை விளக்குவார். குறுக்குக் கேள்வி கேட்டீர்களோ, அடுத்த பேருந்தும் போச்சு.

அந்த இனத்தில் ஒருவர், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்மவர். அவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் உரையாசிரியர். மேலாளர் அனுப்பிய கட்டைவிரலைக் காட்டினால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மனசில்லாம ஒத்துக்கிட்டிருக்கார்" என்பார். காட்டியவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. இவருக்கு நன்றாக இறங்கும்.

மகளுக்கு வரன் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு. "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று இவர் கேட்டு அனுப்பியதற்கு, சம்பந்தியிடமிருந்து வந்தது ஒரே ஒரு படம். சிவப்பு முகம், முழ நீள மூக்கு, முறைப்பு. கூட ஒரு வார்த்தை இல்லை.

வேறு யாராக இருந்தாலும் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். பண்டிதர் கேட்பாரா?

"இது தெங்கு," என்றார் மனைவியிடம். "ஜப்பான்காரங்க கதையில வர்ற மலைப் பூதம். தலைக்கனம் புடிச்சவனை அங்க இப்படித்தான் சொல்லுவாங்க."

மிக்சி ஓடிக்கொண்டிருந்ததால் மனைவியின் காதில் பாதிதான் விழுந்தது. "டெங்குவா? சம்பந்திக்கா?"

"அவரேதான் அனுப்பியிருக்கார். நமக்குத் தலைக்கனமாம்." சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பதில் எழுத ஆரம்பித்தார்.

"அப்பா, என்னன்னு ஒரு தடவை கேட்டுடுங்களேன்," என்றாள் மகள்.

"கேக்க என்னம்மா இருக்கு? மூக்கே சொல்லுதே."

நாலாவது பத்தியில் இலக்கணம் திருத்திக்கொண்டிருந்தபோது, மனைவி போனும் கையுமாக வந்தாள். "ஏங்க, போன் போட்டு விசாரிச்சேன், டெங்கு இல்லையாம். வெறும் ஜலதோஷம். மூக்கு செவந்து வீங்கிக் கிடக்காம். எழுதக் கூச்சமா இருந்ததுன்னு மூக்குப் பெரிசா இருக்கற படமாத் தேடிப் போட்டாராம். அடுத்த வாரம் வரட்டுமான்னு சம்பந்தியம்மா கேக்கறாங்க."

மகள் அப்பாவின் கையிலிருந்த செல்போனை மெல்ல வாங்கி, நாலு பத்தியையும் அழித்தாள்.

நம்மவர் வெட்கப்பட்டாரா? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஜலதோஷத்துக்குன்னு தனியா ஒண்ணு இருக்கே, கைக்குட்டையும் மூக்குமா. அதைப் போடத் தெரியல மனுஷனுக்கு. வரட்டும், உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கறேன்," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. எப்போதும் இரண்டு பூ அனுப்புகிற உங்கள் சிநேகிதர் நேற்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டாரே, அந்த ஒற்றைப் பூவை இதுவரை எத்தனை தடவை திறந்து பார்த்தீர்கள்?