தீயணைப்பானுக்குப் பொட்டு வைத்த நாள்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வராது. பிறவிக் குறை. ஈப்போ நகரில் நாங்கள் கடை திறக்கப் போன கதையை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

கடை என் மனைவி மலரின் ஆசை. பக்கத்து ஊரான கோப்பெங்கில் வீட்டு வாசலில் மேசை போட்டுத் தோசை விற்றவள். நகராட்சியின் அமலாக்க வண்டி வந்தால் தோசைக்கல்லோடு உள்ளே ஓடுவாள். "லைசென்ஸைச் சுவத்துல மாட்டிட்டு, யாருக்கும் பயப்படாம தோசை சுடணும்ங்க" என்பாள். அதற்காக டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டாள், சுகாதார வகுப்புக்குப் போனாள், கழிவுநீரில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி வைத்தாள். நான் செய்த ஒரே காரியம் தீயணைப்பான் வாங்கியது.

லைசென்ஸுக்காக அதிகாரி கடையைப் பார்வையிட வரும் காலையில்தான் ஹோமத்துக்குக் குறித்த நல்ல நேரமும் வந்து தொலைத்தது.

"அவங்க பார்த்துட்டுப் போகட்டும்ங்க. அப்புறம் ஹோமம் வெச்சுக்கலாம்," என்றாள் மலர்.

"நல்ல நேரம் நமக்காகக் காத்திருக்காது லா. நான் பார்த்துக்கிறேன்." (நான் இப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் சாமியைக் கும்பிட்டுக்கொள்வார்கள்.)

அடுப்பு, கிரைண்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். புதுப்பொருள் ஆயிற்றே என்று தீயணைப்பானுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டேன். ஐயர் தாமதமாக வந்து நெருப்பை மூட்டினார். புகை கிளம்பவும் அதிகாரி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. தலையில் முக்காடிட்ட மலாய் அம்மாள். இருமிக்கொண்டே, தீயணைப்பானைப் பயன்படுத்தத் தெரியுமா என்று மலாயில் கேட்டார்.

தெரியும் என்று தலையாட்டியிருந்தால் போதும். நான் மாலையோடு அதைத் தூக்கி, ஊக்கைப் பிடுங்கி, சும்மா ஒரு அழுத்து அழுத்திக் காட்டினேன்.

ஹோமம் அணைந்தது. ஐயர் திருநீறு பூசாமலே முழுக்க வெளுத்தார். அதிகாரியின் கறுப்பு முக்காடு வெள்ளையானது. மலர் முந்தின நாள் அரைத்து வைத்த மாவின் மேல் பொடி படிந்தது. அடுப்பங்கரை பூராவும் அதே கோலம்.

"டப்பூர் கோத்தோர்லா, என்சே," என்றார் அதிகாரி, இமையைத் துடைத்தபடி. அடுப்பங்கரை அசுத்தமாம். பொய்யில்லையே! லைசென்ஸ் கிடைக்கவில்லை, மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மலர் மாவைக் கொட்டிவிட்டு, தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த தரையை மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. பொடியால்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவ்வளவு வெட்கம் நான் பட்டதே இல்லை.

அடுத்த முறை அதே அம்மாள் வந்தார். படியேறும்போதே என் கைகளைத்தான் பார்த்தார். மலர் உடனே, "ஏங்க, கோப்பித்தியாம் காப்பிக் கடையில ஐஸ் வாங்கிட்டு வாங்க. மெதுவா வாங்க," என்றாள். ஐஸ் உருகி வழிய நான் திரும்பியபோது லைசென்ஸுக்கு வழி பிறந்திருந்தது.

இப்போது அவள் பெயரில் லைசென்ஸ் சுவரில் தொங்குகிறது. கடைக்குள்ளேயே ஐஸ் மெஷினும் இருக்கிறது. ஆனாலும் கழுத்தில் அடையாள அட்டையோடு யாராவது வந்தால், கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே மலர் குரல் கொடுப்பாள்: "ஏங்க, ஐஸ்!"

நான் எழுந்து போய்விடுவேன்.